37 வயதில் நடுச்சீட்டு

'கம்ஃபர்ட் சோனை விட்டு வெளியே வந்தால்தான் வளர முடியுமா, உங்கள் அனுபவம் என்ன?' என்று கேட்டிருக்கிறீர்கள். கேட்ட விதத்தைப் பார்த்தால், நல்ல வேலையில் இருந்துகொண்டு விடலாமா வேண்டாமா என்று யோசிப்பவர் போலத் தெரிகிறது. அதற்கெல்லாம் எனக்கு விடை தெரியாது. நான் வீட்டில் ஜாக்கெட் தைப்பவள். 37 வயதில் வண்டி ஓட்டப் பழகினேன், அதை மட்டும் சொல்கிறேன். 'இதெல்லாம் ஒரு சாதனையா' என்பவர்கள் இப்போதே அடுத்த பதிலுக்குப் போய்விடலாம்.

எங்களுக்குப் புதுக்கோட்டைப் பக்கம். 1991-ல் அறிவொளி என்ற எழுத்தறிவு இயக்கம் வந்தபோது, ஷீலா ராணி சுங்கத் கலெக்டராக இருந்த காலத்தில், பெண்களுக்கு எழுத்தோடு சைக்கிளும் சொல்லிக் கொடுத்தார்கள். லட்சம் பேருக்கு மேல் பழகினார்கள். என் அம்மாவும் ஒருத்தி. லேடீஸ் சைக்கிள் கிடைத்தாலும் அவருக்கு வேண்டாம், பார் வைத்த ஆண்கள் சைக்கிள்தான் பிடிக்கும். பாரில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைக்கலாமே. எனக்கு அப்போது ஆறு வயது.

அப்புறம் அப்பா, தம்பி, வீட்டுக்காரர் என்று யாராவது ஒருவருக்குப் பின்னால் உட்கார்ந்தே காலம் போய்விட்டது. முன்னால் பார், இல்லையென்றால் பின்னால் கேரியர். நடுச்சீட்டில் நான் உட்கார்ந்ததே இல்லை. அந்த அம்மாவுக்குப் பிறந்துவிட்டு சைக்கிள்கூடத் தெரியாது என்றால் யாரும் நம்ப மாட்டார்கள்.

வீட்டுக்காரர் திருப்பூருக்கு வேலைக்குப் போனதும்தான் சிக்கல். (உடனே 'புருஷன் அடக்கி வைத்திருந்தான்' என்று கிளம்ப வேண்டாம். பாவம், ஸ்கூட்டியை எனக்காக விட்டுவிட்டுப் போனதே அவர்தான்.) லைனிங் துணி, நூல், கொக்கி எல்லாவற்றுக்கும் டவுனுக்குப் போகணும். ஊருக்கு ஒரு நாளைக்கு நாலு நடைதான் பஸ். பெண்களுக்கு டிக்கெட் இல்லைதான், ஆனால் பஸ் வந்தால்தானே ஏறுவது? முகூர்த்த மாதத்தில் ஒரு நாள் அலைந்தால் மூன்று ஜாக்கெட் போச்சு.

அதனால் அந்த ஸ்கூட்டியை நானே ஓட்டிப் பழகுவது என்று முடிவு செய்தேன். வற்றிக் கிடந்த கண்மாய்க்குள் விடிகாலை ஐந்தரைக்கே நானும் அம்மாவும் போய்விடுவோம். விழுந்தால் யாரும் பார்க்கக் கூடாதே! பயம் வந்தால் பிரேக்கைப் பிடிக்கணும் என்று மூளைக்குத் தெரியும், கை மட்டும் ஆக்சிலேட்டரை முறுக்கும். மூன்றாம் நாள் வண்டியோடு சீமைக்கருவேலத்துக்குள் போய்விட்டேன். முழங்கை முழுக்க முள். கரையில் உட்கார்ந்திருந்த அம்மா எழுந்துகூட வரவில்லை. வெற்றிலையை இடித்துக்கொண்டே, "முன்சக்கரத்தையே பாத்துக்கிட்டிருந்தா முள்ளுக்குள்ளதான் போவ. எங்க போகணுமோ அங்க பாருடி" என்றார். எனக்கு அப்படி ஒரு கோபம். ஆனால் மறுநாள் எதிர்க்கரைப் பனைமரத்தைப் பார்த்தபடி ஓட்டினேன், வண்டி நேராகப் போனது.

எல்.எல்.ஆர். (பழகுநர் உரிமம்) எடுத்து 30 நாள் கழித்து லைசென்ஸுக்கு எட்டு போடப் போனேன். முதல் தடவை கால் ஊன்றிவிட்டேன், அடுத்த தடவை பாஸ்.

வளர்ந்தேனா? டவுனில் நாலு கடை ஏறி பேரம் பேசுகிறேன், ஆரி எம்பிராய்டரி வேலைக்கு ஆர்டர் பிடித்திருக்கிறேன். ஆனால் என் அக்கா இன்றைக்கும் பஸ்ஸுக்குத்தான் காத்து நிற்கிறாள், என்னைவிட நிம்மதியாகவும் இருக்கிறாள். அவளை வளராதவள் என்று சொல்ல எனக்கு மனசு வராது.

கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். வண்டியில் சேலை சிக்காமல் இருக்க ஒரு கம்பித் தடுப்பு வைக்கிறார்களே, சட்டப்படி அது பின்னால் உட்காருபவருக்குத்தான். பெண் என்றால் பின்னால்தான் இருப்பாள் என்று அப்போதே முடிவு செய்துவிட்டார்கள் போல. ஹெல்மெட் அதைவிட மோசம். கொண்டை போட்டால் தலை நுழையாது, பின்னலைத் தாழ்த்திப் போட்டால் கழுத்தில் இடிக்கிறது. ஹெல்மெட் செய்கிறவர்கள் வீட்டில் முடி வளர்த்த பெண்ணே கிடையாதா? கொண்டைக்குத் தோதான ஐ.எஸ்.ஐ. முத்திரை ஹெல்மெட் எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லுங்கள். முடியை வெட்டிக்கொள் என்று மட்டும் சொல்லாதீர்கள், அதை என் தம்பி ஏற்கெனவே சொல்லிவிட்டான்.