திரும்பி வரும் பாட்டிலில் நிரப்பினால் மட்டும் நாறுகிறதா?

திரும்ப வாங்கிய பாட்டில்களைக் கழுவி நிரப்பினால், பாத்திரம் கழுவும் திரவம் மூன்றே வாரத்தில் நீர்த்து நாறுகிறது என்று எழுதியிருந்தீர்கள். புதுப் பாட்டிலில் அந்தத் தொல்லை குறைவு என்றால், என் முதல் சந்தேகம் பாட்டில் மேல்தான்.

சோப்பில் கிருமி வளராது என்று நினைப்போம். வளரும். சூடோமோனாஸ் வகை பாக்டீரியாவுக்கு நீர்த்த சோப்பு நல்ல இடம். கழுவியபின் அடியில் தங்கும் கொஞ்சம் தண்ணீரே அதற்குப் போதும். படலமாக ஒட்டிக்கொண்டால் வெறும் அலசலுக்குப் போகாது. பம்ப் மூடி இன்னும் மோசம், ஸ்பிரிங் இருக்கும் இடம் லேசில் காயாது. நானாக இருந்தால் பம்பைத் திரும்ப வாங்கவே மாட்டேன்.

பாட்டிலைக் கவிழ்த்து, முழுக்கக் காய்ந்த பிறகே நிரப்புங்கள். வெந்நீர் ஊற்றும் முன் பாட்டிலின் அடியில் பிளாஸ்டிக் வகையைச் சொல்லும் எண் இருக்கும், அதைப் பாருங்கள். 1 என்றால் பெட், 70 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே நெளியத் தொடங்கும். 2 என்றால் எச்டிபிஇ, சூடு தாங்கும். ஆனால் பழைய வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம், கெடாமல் இருக்க நீங்கள் சேர்க்கும் பதப்படுத்தி, சோடியம் பென்சோயேட். பிஎச் (அமில, கார அளவு) 5-க்குக் கீழேதான் அது உருப்படியாக வேலை செய்யும், உங்கள் திரவமோ 8. அங்கே அது இருந்தும் இல்லாத மாதிரிதான். உங்கள் பிஎச்சுக்குப் பொருந்தும் வேறு பதப்படுத்தியைச் சப்ளையரிடம் கேளுங்கள்.

பிளீச் இருந்த பாட்டில்களை மட்டும் இதில் கலக்கவே வேண்டாம். ஒட்டியிருக்கும் பிளீச் மிச்சத்தில் அமிலம் பட்டால் குளோரின் வாயு வரும்.