சேலத்திலிருந்து மைசூருக்கு மூன்று வழி: குழந்தையோடு போக எது நல்லது?

சேலம் அழகாபுரத்திலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: “காலாண்டு விடுமுறையில் முதன்முறையாக எங்கள் சொந்தக் காரில் மைசூர் போகிறோம். கணவர் மட்டும்தான் ஓட்டுவார். மாமியாருக்கு மூட்டுவலி. ஆறு வயது மகளுக்கு மலைப்பாதை என்றாலே வாந்தி. மேப் மேட்டூர் வழியைக் காட்டுகிறது. சொந்தக்காரர்கள் திம்பம் வழியாகப் போகச் சொல்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரர் பெங்களூரு வழிதான் சரி என்கிறார். நாங்கள் எதில் போவது?”

இந்த முறை பெங்களூரு வழியில் போங்கள். மூன்றில் அதுதான் நீளம், டோல்கேட்டும் அதில்தான் அதிகம். இருபது வருடத்துக்கு மேல் சேலத்திலிருந்து சுற்றுலா வேன் ஓட்டியவன் என்ற முறையில் மூன்று வழியிலும் குடும்பங்களைக் கூட்டிப் போயிருக்கிறேன். அதை வைத்துத்தான் சொல்கிறேன்.

முதலில் தூரம். மேட்டூர், கொளத்தூர், பாலாறு, மாதேஸ்வரன் மலை, கொள்ளேகால் வழியாக ஏறத்தாழ 240 கிலோமீட்டர். பவானி, கோபி, சத்தியமங்கலம், திம்பம், சாம்ராஜ்நகர் வழியாக 250-ஐ ஒட்டி வரும். தர்மபுரி, கிருஷ்ணகிரி, ஓசூர், பெங்களூரு வழியாக 335 முதல் 340. தாளில் பார்த்தால் கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் சுற்று. ஆனால் வண்டியில் உட்கார்ந்திருக்கும் நேரம் அந்த அளவுக்கு அதிகமாகாது. மலையில் ஒரு மணி நேரத்துக்கு 25, 30 கிலோமீட்டர் நகர்ந்தாலே பெரிது. நாலுவழிச் சாலையில் நிதானமாக ஓட்டினாலும் எழுபது, எண்பது கிடைக்கும்.

மகள் எவ்வளவு தாங்குவாள் என்பதை வீட்டுக்குப் பக்கத்திலேயே பார்த்துவிடலாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏற்காட்டுக்குப் போய் வாருங்கள். குப்பனூர் பாதை வேண்டாம், அடிவாரம் வழியாகவே ஏறுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகள். எத்தனையாவது வளைவில் குழந்தை பேச்சை நிறுத்துகிறாள் என்று கவனியுங்கள். வாந்திக்கு முந்தின அடையாளம் அதுதான்: பேச்சு நின்றுவிடும், முகம் வெளுக்கும், கொட்டாவி வரும். பத்தாவது வளைவுக்குள் அப்படி ஆனால் திம்பத்தை இந்த வருடம் மறந்துவிடுங்கள். அங்கே 27 வளைவுகள். வளைவு முடிந்த பிறகும் காட்டுச் சாலை நீள்கிறது.

திம்பம் அழகான பாதை, அதில் எனக்கு மாற்றுக்கருத்தே இல்லை. பண்ணாரி அம்மனைக் கும்பிட்டுவிட்டு ஏறத் தொடங்கினால், மேலே போகப் போகச் சமவெளி முழுவதும் கீழே விரியும். சிக்கல் என்னவென்றால், அந்தக் குறுகின வளைவுகளில்தான் சரக்கு லாரிகளும் ஏறி இறங்குகின்றன. ஒருமுறை இறங்கிவந்த லாரி ஒன்று வளைவில் திரும்ப முடியாமல் குறுக்கே நின்றுவிட்டது. எங்களுக்கு முன்னால் முப்பது வண்டி, பின்னால் எத்தனை என்று தெரியாது. மூன்று மணி நேரம். வேனில் இருந்த ஒரு பாட்டிக்குச் சர்க்கரை நோய், கழிப்பறை போக இடம் இல்லை. கடைசியில் பெண்கள் நாலு பேர் சேலையைத் திரையாகப் பிடித்துக்கொண்டார்கள். மூட்டுவலியோடு உங்கள் மாமியார் அந்த நிலைமையில் மாட்டக்கூடாது என்பதுதான் என் முதல் கவலை.

அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற சாலை. இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை வாகனங்களுக்குத் தடை இருக்கிறது. அதனால் மைசூரில் கிளம்பத் தாமதமானால் வழியிலேயே தங்க வேண்டிவரும். ஆசனூரைத் தாண்டினால் கரும்பு லாரிக்காகக் காத்து நிற்கும் யானைகளைப் பார்க்கலாம். பார்த்தால் தூரத்திலேயே நிறுத்துங்கள். ஹாரன் அடிக்கக் கூடாது, படம் எடுக்க இறங்கவும் கூடாது. பின்னால் எடுக்க இடம் விட்டு நில்லுங்கள். குழந்தை கொஞ்சம் வளர்ந்த பிறகு, மலையில் ஓட்டிப் பழகிய இன்னொருவரும் கூட இருந்தால், அந்த வழியில் ஒருமுறை அவசியம் போய் வாருங்கள்.

மேட்டூர் வழி மாதேஸ்வரன் கோயிலுக்குப் போகிறவர்களுக்கானது. மைசூருக்கு அவசரமாகப் போக அது குறுக்குவழி ஆகாது. பாலாறு தாண்டியதும் காடும் ஏற்றமும்தான். டயர் பஞ்சரானால் உதவிக்கு ஆள் கிடைப்பதே கஷ்டம். அந்தியூர், பர்கூர் மலை வழியும் அப்படித்தான். சில நேரம் மேப் அதையும் காட்டும், ஏமாந்துவிடாதீர்கள்.

சரி, பெங்களூரு வழிக்கு வருவோம். இதில் வளைவுகளால் தொல்லை இல்லை. பெங்களூருக்குள் நுழையும் இடமான எலக்ட்ரானிக் சிட்டியை எத்தனை மணிக்குத் தொடுகிறோம் என்பதில்தான் இந்தப் பயணமே இருக்கிறது. வேலை நாளில் எட்டரைக்குப் போய்ச் சேர்ந்தால் மிச்சம் பிடித்த நேரமெல்லாம் அங்கேயே போய்விடும். அதனால் விடியற்காலை நாலு மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்புங்கள். குழந்தை தூங்கிக்கொண்டே வருவாள், அதுவே பாதி மருந்து. கிருஷ்ணகிரி பக்கம் ஒரு நல்ல நிறுத்தம் போடுங்கள். வீட்டில் இருந்து கொண்டுபோன இட்லி இரண்டு போதும். பால், பூரி, வறுத்தது எதுவும் அவளுக்கு வேண்டாம். ஏழரைக்குள் எலக்ட்ரானிக் சிட்டி போனால், ஊருக்குள் நுழையாமல் நைஸ் சாலையைப் பிடித்து நேராக மைசூர் சாலைக்குப் போய்விடலாம். அது தனியார் சாலை, கட்டணம் தனி. கையில் சில்லறை இருக்கட்டும். நெடுஞ்சாலையில் ஓமலூர், பாளையம், கிருஷ்ணகிரி, அத்திப்பள்ளி என்று டோல்கேட் வரிசையாக வரும். பாஸ்டேக்கில் முந்தின நாளே பணம் போட்டுவிடுங்கள்.

2023 மார்ச்சில் திறந்த பெங்களூரு–மைசூர் விரைவுச் சாலை ஏறக்குறைய 118 கிலோமீட்டர். சாலை காலியாக இருக்கிறதே என்று கால் தானாக அழுத்தும். உச்ச வேகம் மணிக்கு 100, கேமராக்கள் இருக்கின்றன. குடும்பத்தோடு போகும்போது 80 போதும். நாலு மணிக்கு எழுந்து ஓட்டும் உங்கள் கணவருக்குத் தூக்கம் சொக்குவது இந்த நேரான சாலையில்தான். ராமநகரா பக்கம் பதினைந்து நிமிடம் இறங்கி நடக்கச் சொல்லுங்கள். மாமியாரின் முழங்காலுக்கும் அது நல்லது.

மகளைப் பின்சீட்டில், முன்கண்ணாடி வழியாகச் சாலை தெரிகிற இடத்தில் பெல்ட் போட்டு உட்கார வையுங்கள். வண்டி திரும்புவதைக் காதுக்குள் இருக்கிற சமநிலை உறுப்பு உணர்கிறது. கண்ணோ முன்சீட்டின் முதுகையும் போனையும் பார்த்துக்கொண்டு, எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டுகிறது. போனைக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். வாந்தி மாத்திரையைக் கடையில் நீங்களாக வாங்க வேண்டாம், குழந்தை மருத்துவரிடம் கேட்டு அளவு தெரிந்துகொள்ளுங்கள்.

தசரா சமயம் என்றால் விஜயதசமி அன்று ஊருக்குள் போய் இறங்காதீர்கள். ஜம்பு சவாரி என்கிற யானை ஊர்வலத்துக்காக அரண்மனையிலிருந்து பன்னிமண்டபம் வரை போக்குவரத்தை மாற்றிவிடுவார்கள். ஒரு நாள் முன்னதாகவே போய்ச் சேருங்கள்.

திரும்பும்போதும் காலையிலேயே கிளம்புங்கள். விடுமுறை கடைசி நாள் மாலையில் ஓசூர் சாலை வண்டிகளால் நிறைந்திருக்கும். அதைவிட முக்கியம் தொப்பூர் கணவாய். போகும்போது அது ஏற்றம், பெரிதாகத் தெரியாது. வரும்போது சேலத்தை நோக்கி நீளமான இறக்கம். டீசலை மிச்சம் பிடிக்க லாரிகளை நியூட்ரலில் விட்டு, பிரேக் சூடேறி, பிடிக்காமல் போய், முன்னால் போன வண்டிகள் மீது மோதிய விபத்துகள் அங்கே எத்தனையோ நடந்திருக்கின்றன. பாளையம் டோல்கேட்டைத் தாண்டியதும் மூன்றாம் கியருக்கு வந்துவிடுங்கள். பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்க வேண்டாம், இன்ஜினே வண்டியைப் பிடிக்கட்டும். இரண்டு லாரிகளுக்கு நடுவில் மாட்டிக்கொள்ளாதீர்கள். பின்கண்ணாடியில் ஒரு பார லாரி வேகமாக நெருங்குவது தெரிந்தால் இடப்பக்கம் ஒதுங்கி அதை முன்னால் போகவிடுங்கள். அந்த இறக்கத்தைப் பகல் வெளிச்சத்தில் கடந்து ஓமலூர் டோல்கேட் வந்துவிட்டால், வீடு அரை மணி நேரம்தான்.