கூட்டாக எழுதிய கற்பனை நகரத்துக்கு எந்த உரிமம்?

கேள்வி: நாங்கள் ஐந்து பேர், மேசையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்றுக் கதை சொல்லி ஆடும் 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுகிறவர்கள். 1860-இல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களோடு டர்பனுக்கு வந்த 'ட்ரூரோ' கப்பலை மனதில் வைத்து, துறைமுகமும் கரும்புத் தோட்டங்களும் கொண்ட ஒரு கற்பனை நகரத்தைச் சேர்ந்து எழுதி வருகிறோம். சில அத்தியாயங்கள் அந்த ஆட்டத்துக்கென்றே உள்ள 'ஃபர்காட்டன் ரெல்ம்ஸ்' என்ற கற்பனை உலகத்தோடு கலந்திருக்கின்றன. யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம், ஆனால் யாரும் காசாக்கக் கூடாது என்பது எங்கள் எண்ணம். படைப்பைப் பிறர் எடுத்தாள முன்கூட்டியே அனுமதி தரும் 'கிரியேட்டிவ் காமன்ஸ்' (சிசி) உரிமங்களில் எது சரி?
– வாசகர், சாட்ஸ்வொர்த்

பதில்: உரிமம் பார்க்கும் முன் கோப்பை இரண்டாகப் பிரியுங்கள். நமக்குச் சொந்தமானதற்கு மட்டுமே நாம் உரிமம் கொடுக்க முடியும். ஃபர்காட்டன் ரெல்ம்ஸின் நகரங்களும் பாத்திரங்களும் இந்த ஆட்டத்தை வெளியிடும் விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனத்துடையவை. அவை வரும் அத்தியாயங்களைத் தனிக் கோப்பில் வையுங்கள். ரசிகர் படைப்புகளுக்கான அந்நிறுவனத்தின் 'ஃபேன் கன்டென்ட் பாலிசி' கேட்கிறபடி, இது அதிகாரபூர்வமற்றது என்ற அறிவிப்போடு இலவசமாக மட்டும் கொடுங்கள். அதன் மேல் கிரியேட்டிவ் காமன்ஸ் முத்திரை குத்தாதீர்கள்.

ஆட்ட விதிகளின் கதை வேறு. ஆடும் முறைக்குப் பதிப்புரிமை கிடையாது, அதை எழுதிய சொற்களுக்கு உண்டு. அந்தச் சொற்களே தேவையென்றால், அந்நிறுவனமே வெளியிட்ட அடிப்படை விதிகளின் 'எஸ்ஆர்டி 5.1' தொகுப்பிலிருந்து எடுக்கலாம். 2023 ஜனவரியில் அது, பெயர் சொன்னால் போதும் என்கிற சிசி பை 4.0 உரிமத்தில் வெளியானது. அதில் தரப்பட்டிருக்கும் நன்றிக் குறிப்பை எழுத்து மாறாமல் உங்கள் கோப்பில் சேர்த்துவிடுங்கள். ஆட்டத்தின் பெயரையோ சின்னத்தையோ அட்டையில் போட அது அனுமதி தருவதில்லை.

மிச்சமிருக்கும் சொந்த நகரத்துக்கு என் பரிந்துரை சிசி பை-எஸ்ஏ 4.0. பெயர் சொல்ல வேண்டும், மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில் வெளியிட வேண்டும் ('எஸ்ஏ' குறிப்பது இதைத்தான்) என்பவைதான் அதன் நிபந்தனைகள். நீங்கள் கேட்ட வணிகத் தடை, அதாவது 'என்சி', முதலில் உங்களையே கட்டிப்போடும். ஆளுக்கொரு அத்தியாயம் எழுதியிருக்கிறீர்கள், அவரவர் அத்தியாயம் அவரவர் சொத்து. நாளைக்குத் தமிழ்ப் பள்ளி நிதிக்காக இதை அச்சடித்து 80 ராண்டுக்கு விற்க நினைத்தால், மற்ற நால்வரின் தனி அனுமதி வேண்டும். ஒருவர் வெளிநாடு போய் மின்னஞ்சலுக்குப் பதில் போடவில்லை என்றால் புத்தகம் அப்படியே நிற்கும். எஸ்ஏ இருந்தால் வெளியாள் விற்கலாம்தான். ஆனால் அவர் மாற்றி எழுதியதும் அதே உரிமத்தில் வெளிவர வேண்டும், வாங்கியவர் அதை இலவசமாக எல்லோருக்கும் கொடுக்கலாம். பெரிய லாபத்துக்கு அதில் வழியில்லை.

இன்னொரு சிக்கல் உங்கள் கதைக்களத்திலேயே இருக்கிறது. ட்ரூரோ பற்றி விக்கிப்பீடியாவிலிருந்து பத்திகளை ஒட்டியிருக்கிறீர்களா? அந்த எழுத்து பை-எஸ்ஏ உரிமத்தில் இருப்பது. அதை பை-என்சி-எஸ்ஏ கோப்போடு கலந்து எழுத முடியாது, இரண்டும் 'என் உரிமத்திலேயே வெளியிடு' என்று கேட்பவை. தகவலுக்கு யாரும் சொந்தக்காரர் இல்லை. மதராஸிலிருந்து புறப்பட்ட கப்பல் 1860 நவம்பர் 16 அன்று டர்பனை அடைந்தது என்பதை உங்கள் நடையில் எழுதிக்கொள்ளலாம்.

மாற்றத்தைத் தடுக்கும் 'என்டி' உங்களுக்கு ஆகவே ஆகாது. பிறர் தங்கள் ஆட்டக் குழுவுக்கு ஏற்ப மாற்றியதை யாரோடும் பகிர முடியாத ஆட்ட உலகம் யாருக்குப் பயன்படும்? எதைத் தேர்ந்தாலும் ஐவரும் யோசித்து முடிவெடுங்கள். கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தைக் கொடுத்தபின் திரும்பப் பெற முடியாது. வெளியிடுவதை நிறுத்தலாம், ஏற்கெனவே பிரதி வைத்திருப்பவரின் உரிமை போகாது.

அடுத்தது எழுத்துப்பூர்வ ஒப்புதல். தென்னாப்பிரிக்காவின் 1978-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, உரிமையையே மாற்றிக் கொடுப்பதற்குக் கையெழுத்திட்ட ஆவணம் வேண்டும். பொதுவான அனுமதியை வாய்மொழியாகவும் தரலாம், ஆனால் தகராறு வந்தால் நிரூபிப்பது யார்? கோப்பின் முதல் பக்கத்தில் இப்படி எழுதி ஒவ்வொருவரும் பெயரும் தேதியும் போடுங்கள்: 'இதில் நான் சேர்ப்பவை என் சொந்தப் படைப்பு. அவற்றை சிசி பை-எஸ்ஏ 4.0 உரிமத்தில் தருகிறேன். பின்னர் வேறு உரிமத்தில் வெளியிடவும் குழுவுக்கு அனுமதி தருகிறேன்.' கடைசி வாக்கியம் இல்லாவிட்டால், உரிமத்தை மாற்ற நினைக்கும்போது எல்லோரையும் மறுபடி தேட வேண்டியிருக்கும். 18 வயது நிரம்பாதவர் இருந்தால் பெற்றோரும் கையெழுத்திடட்டும். பழைய பக்கங்களுக்கும் இப்போதே ஒப்புதல் வாங்குங்கள். மறுப்பவரின் பகுதியை எடுத்துவிட்டு, அதைப் பார்க்காமல் புதிதாக எழுதுங்கள்.

கேள்வி: எங்கள் தொகுப்பில் பன்னிரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். எடுத்தாளுபவர் பன்னிரண்டு பெயரையும் போட வேண்டுமா?
– வாசகி, பீனிக்ஸ்

பதில்: குழுவுக்கு ஒரு பெயர் வைத்து, 'இந்தப் பெயரால் குறிப்பிடுக' என்று எழுதிவிட்டால் அது போதும். குழுவின் பெயர், கிடைக்கும் இடம், உரிமத்தின் பெயர் மூன்றும் வர வேண்டும், மாற்றியிருந்தால் அதையும் சொல்ல வேண்டும். 4.0 உரிமத்தில் தலைப்பு கட்டாயமில்லை, சேர்த்தால் நல்லது. யாராவது மறந்துவிட்டால் சண்டைக்குப் போகாமல் தகவல் சொல்லுங்கள். 4.0 உரிமத்தில், பிழை தெரிந்த 30 நாட்களுக்குள் திருத்திக்கொண்டால் இழந்த உரிமை தானாகத் திரும்பக் கிடைக்கும்.

கேள்வி: இணையத்தில் கிடைத்த டர்பன் வரைபடத்தின் மேல் எங்கள் கற்பனை வீதிகளை வரைந்திருக்கிறோம். சரிதானே?
– வாசகர், டோங்காட்

பதில்: சரியில்லை. அடியில் இருப்பது இன்னொருவரின் படம், மேலே எத்தனை கோடு போட்டாலும் அது மாறாது. தன்னார்வலர்கள் சேர்ந்து உருவாக்கும் திறந்த வரைபடமான ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பின் தரவை இறக்கி, கடற்கரை, வளைகுடா, சாலைகளை அதிலிருந்து புதிதாக வரையுங்கள். வரைந்த படத்துக்கு உங்கள் உரிமத்தைப் போடலாம். ஓரத்தில் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்களின் பெயரும், தரவு ஓடிபிஎல் என்ற திறந்த தரவுத்தள உரிமத்தில் உள்ளது என்ற குறிப்பும் இருக்க வேண்டும்.