எக்ஸ்எம்எல் கோப்பில் டேக் கண்ணெதிரே இருக்கிறது, அதற்குள் தேட எக்ஸ்பாத் (எக்ஸ்எம்எல்லில் டேக்கைத் தேடும் மொழி) போட்டால் காலிப் பட்டியல் வருகிறது. ஏன்?

டேக்கின் பெயரில் பாதியைத்தான் நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். நானும் இதில் ஒரு ராத்திரி முழுக்க மாட்டியவன்.

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு சைக்கிளில் ஏறும் நண்பர் ஒருவர், அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டி ஏரி வரை போன தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக (ஜிபிஎஸ் தடத்தைப் பதியும் எக்ஸ்எம்எல் வகை) அனுப்பினார். "வளைவுக்கு வளைவு எவ்வளவு உயரம் ஏறினேன்னு மட்டும் எடுத்துக் கொடுங்க" என்றார். பத்து நிமிஷ வேலை என்று பைத்தானில் எக்ஸ்எம்எல் படிக்கும் எல்எக்ஸ்எம்எல் நூலகத்தோடு உட்கார்ந்தேன். இரண்டு சாய்கோடு போட்டு டிஆர்கேபிடி (தடத்தின் ஒவ்வொரு புள்ளிக்குமான டேக்) என்று தேடினால் ஒன்றுமே வரவில்லை. நோட்பேடில் திறந்தால் அதே டேக் ஆயிரக்கணக்கில் நிற்கிறது.

விஷயம் முதல் வரியில் இருக்கிறது. வேர் எலிமென்டில் எக்ஸ்எம்எல்என்எஸ் என்று போட்டு, டோபோகிராஃபிக்ஸ் டாட் காமில் தொடங்கி ஜிபிஎக்ஸ்/1/1 என்று முடியும் ஒரு முகவரி இருக்கும். இதுதான் நேம்ஸ்பேஸ், டேக் பெயர் எந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது என்று சொல்லும் அடையாளம். அதற்கு பிரிஃபிக்ஸ், அதாவது டேக் பெயருக்கு முன்னால் போடும் சுருக்கம், கிடையாது. அதனால் உள்ளே இருக்கும் எலிமென்ட் எல்லாமே அந்த முகவரியைச் சேர்ந்தவை. வீட்டுக்குள் யாரும் இனிஷியல் சொல்லிக் கூப்பிடுவதில்லை, அதற்காக இனிஷியலே இல்லை என்று ஆகிவிடாது. ஆனால் 1999-இல் வந்த எக்ஸ்பாத் 1.0-வில், பிரிஃபிக்ஸ் இல்லாத பெயரைக் கேட்டால் எந்த நேம்ஸ்பேஸிலும் சேராத டேக்கைத்தான் தேடும். அப்படி ஒன்று கோப்பில் இல்லை.

ஆக, பிரிஃபிக்ஸை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். ஜி என்ற எழுத்தை அந்த முகவரியோடு இணைத்து நேம்ஸ்பேசஸ் அகராதியில் கொடுத்துவிட்டு, பாதையில் ஜி, முக்காற்புள்ளி, டிஆர்கேபிடி என்று எழுதினால் போதும். எழுத்து எதுவானாலும் சரி, முகவரி அட்சரம் பிசகக் கூடாது. பாதையில் இருக்கும் ஒவ்வொரு எலிமென்டுக்கும் பிரிஃபிக்ஸ் வேண்டும், ஒன்றை விட்டாலும் மறுபடி காலிதான். அட்சரேகை, தீர்க்கரேகை இரண்டும் அட்ரிபியூட், டேக்குக்குள்ளேயே எழுதும் கூடுதல் விவரம். பிரிஃபிக்ஸ் இல்லாத டிஃபால்ட் நேம்ஸ்பேஸ் அவற்றைத் தொடாது, அங்கே ஜி போட்டால்தான் தப்பு. அப்புறம், வேரின் என்எஸ்மேப்பை (எல்எக்ஸ்எம்எல் தரும் பிரிஃபிக்ஸ்-முகவரி அகராதி) அப்படியே எக்ஸ்பாத்துக்குக் கொடுத்துவிடலாம் என்று தோன்றும். அதில் டிஃபால்டுக்கான சாவி None (பைத்தானில் 'ஒன்றுமில்லை') என்று இருப்பதால் எல்எக்ஸ்எம்எல் ஏற்காது, எர்ரர் அடிக்கும்.

எக்ஸ்எம்எல்என்எஸ் வரியை ரீப்ளேஸ் செய்து அழித்துவிடச் சொல்பவர்கள் உண்டு. எனக்குப் பிடிக்காத வழி. நேம்ஸ்பேஸைப் பார்க்காமல் பெயரை மட்டும் ஒப்பிடும் லோக்கல்-நேம் ஃபங்க்ஷன் ஒருமுறைத் தேடலுக்குப் பரவாயில்லை, ஆனால் வேறு நேம்ஸ்பேஸில் அதே பெயர் இருந்தால் அதையும் சேர்த்து அள்ளிக்கொண்டு வரும்.

கணக்கைக் கொடுத்த மறுவாரம் நண்பர் இன்னொரு கோப்பு அனுப்பினார், வேறு ஆப்பில் பதிந்தது. அதே நிரல், மறுபடி காலி. அரை மணி நேரம் முறைத்த பிறகுதான் முகவரியின் கடைசி எழுத்து கண்ணில் பட்டது: 1/1 இல்லை, 1/0. அது பழைய ஜிபிஎக்ஸ் பதிப்பு. இப்போதெல்லாம் கோப்பைத் திறந்ததும் முதல் வேலையாக வேரின் டேக்கை பிரின்ட் செய்கிறேன். நெளி அடைப்புக்குள் முகவரி முழுசாக வந்துவிடும், அதை அப்படியே எடுத்து அகராதியில் வைக்கிறேன்.