குனியோஷி சாமுராய் படம் அசலா, நகலா?
பழைய பொருள் கடையில் வாங்கிய, 19ஆம் நூற்றாண்டு ஜப்பானிய ஓவியர் குனியோஷியின் சாமுராய் படம் அசல் மர அச்சுதானா, அதாவது மரப்பலகையில் செதுக்கிக் கையால் அடித்ததுதானா என்று கேட்டிருந்தீர்கள். கையெழுத்தை நம்பி முடிவு பண்ணாதீர்கள், அதுவும் பலகையில் செதுக்கியதுதான், நகலிலும் அச்சாக அப்படியே இருக்கும். பூதக்கண்ணாடியில் கவசத்தின் நிறத்தைப் பாருங்கள். பொடிப்பொடியாகப் புள்ளிகள் வரிசை கட்டி நின்றால் ஆஃப்செட், அதாவது இக்கால இயந்திர அச்சு, கதை முடிந்தது. புள்ளி இல்லையா, சரி, சட்டத்திலிருந்து மெதுவாகக் கழற்றித் திருப்புங்கள்: கையால் தேய்த்து அச்சிட்டதென்றால் சாயம் தாளில் இறங்கிப் பின்பக்கமும் மங்கலாகத் தெரியும், பாரென் என்கிற தேய்ப்பு வட்டு ஓடிய சுழல் தடமும் அங்கங்கே இருக்கும். பிற்காலத்தில் புதுப் பலகை செதுக்கி அடித்த மறுபதிப்பும் இந்தச் சோதனையில் தேறிவிடும், அதுதான் தலைவலி. அப்புறம், படத்தில் வீரரின் பெயர் ஓபோஷி யுரானொசுகே என்று இருப்பதால் பயப்பட வேண்டாம். தலைவனை இழந்து அவனுக்காகப் பழிவாங்கிய சாமுராய்களான 47 ரோனின்களின் உண்மைப் பெயரைப் போடத் தடை இருந்ததால், அவர்களை வழிநடத்திய ஓயிஷியின் பெயரை அப்படி மாற்றி எழுதினார்கள்.