மகள் ஆப்பிரிக்கவியல் படிக்கட்டுமா?

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.ஏ. வரலாறு இறுதியாண்டில் இருக்கும் மகள், ஆப்பிரிக்க நாடுகளின் பண்பாட்டுக் கொள்கையைப் படித்து அந்தத் துறையிலேயே ராஜதந்திரப் பணிக்குப் போக வேண்டும் என்கிறார். உறவினர்களோ பி.எட். சேர்த்துவிடுங்கள் என்கிறார்கள். இது சோறு போடுகிற படிப்பா என்று கேட்டிருக்கிறீர்கள். போடும், ஆனால் தாமதமாகப் போடும். அதற்கு முன்பே பிரெஞ்சு மொழியைக் கேட்கும்.

அந்த வேலை எப்படி நடக்கிறது என்பதை ஒரு வழக்கைக் கொண்டு சொல்கிறேன். 1892-இல் பிரெஞ்சுப் படை, இன்றைய பெனின் நாட்டில் இருந்த தஹோமே அரசின் தலைநகரான அபோமேக்குள் நுழைந்து, அரண்மனைச் சிலைகளையும் அரியணைகளையும் அள்ளிச் சென்றது. 2016-இல் பெனின் அரசு அவற்றைத் திருப்பிக் கேட்டது. அருங்காட்சியகப் பொருள்கள் அரசின் சொத்து, அவற்றைக் கைமாற்றச் சட்டம் இடம் தராது என்று பிரான்ஸ் மறுத்தது. 2017-இல் பிரெஞ்சு அதிபர் மக்ரோன், புர்கினா ஃபாசோவின் தலைநகரான வாகடூகுவில், ஆப்பிரிக்கப் பொருள்களைத் திருப்பித் தர வழி செய்ய வேண்டும் என்று பேசியபோதுதான் நிலைமை மாறியது. 2018-இல் திருப்பித் தருவது பற்றி ஓர் அறிக்கை, 2020 டிசம்பரில் ஒரு தனிச் சட்டம் என்று நகர்ந்து, 2021 நவம்பரில் 26 பொருள்கள் பெனினின் கோட்டோனு நகரில் வந்து இறங்கின. 26 பொருள்களுக்கு ஐந்து ஆண்டுகள்!

அந்தச் சட்டத்தின் தலைப்பில் ‘மீட்டளித்தல்’ என்று எழுதுவதா, வெறுமனே ‘திரும்புதல்’ என்று எழுதுவதா என்று பிரெஞ்சு நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் மோதிக்கொண்டன. மேலவை ‘திரும்புதல்’ போதும் என்றது. மீட்டளித்தல் என்றால் எடுத்தது தவறு என்று ஒப்புக்கொண்டதாகிவிடும் அல்லவா? கடைசியில் ‘மீட்டளித்தல்’ நிலைத்தது. உங்கள் மகள் போக விரும்பும் உலகத்தில் அன்றாட வேலை இதுதான். விருந்துகளும் விமானப் பயணங்களும் அதில் சிறு பகுதி. ஒரு சொல்லுக்காக வாரக்கணக்கில் உட்கார்ந்திருப்பதே பெரும்பகுதி.

இதை நம் ஊர்க் கதையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலில் திருடுபோன நடராசர், ஆஸ்திரேலிய தேசியக் கலைக்கூடத்திலிருந்து 2014-இல் திரும்பி வந்தார். அது அண்மைக்காலத் திருட்டு. கலைப்பொருள் கடத்தலைத் தடுக்கும் 1970-ஆம் ஆண்டின் யுனெஸ்கோ ஒப்பந்தம் பின்புலத்தில் இருந்தது, வழக்கும் ஆவணங்களும் இருந்தன. அந்த ஒப்பந்தம் முன்காலத்துக்குச் செல்லாது என்பதால் 1892-இன் கொள்ளைக்கு அதில் இடமில்லை. சட்டம் கைவிடுகிற அந்த இடத்தில்தான் ராஜதந்திரம் வேலை செய்ய வேண்டியிருக்கிறது. இதனால்தான் ஆப்பிரிக்க நாடுகள் தனித்தனியாகக் கேட்பதோடு நிற்காமல், சேர்ந்தும் கேட்கத் தொடங்கின. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பு 2019-இல் பண்பாட்டுச் சொத்துகளை மீட்கப் பொதுவான செயல்திட்டம் ஒன்றை ஏற்றது. 55 நாடுகளின் ஆப்பிரிக்க ஒன்றியத்துக்கு 2006-இல் சூடானின் கார்ட்டூமில் ஏற்கப்பட்ட பண்பாட்டு மறுமலர்ச்சிச் சாசனம் இருக்கிறது.

இனி வேலை. எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் உள்ள ஆப்பிரிக்க ஒன்றியத் தலைமையகத்தின் நிலையான பணியிடங்கள் உறுப்பு நாட்டுக் குடிமக்களுக்கானவை. இந்தியக் குடிமகளான உங்கள் மகள் அங்கே நேரடியாக வேலைக்குச் சேர முடியாது. அதை வாங்கித் தருவதாக யாராவது பணம் கேட்டால் கதவைச் சாத்திவிடுங்கள். அவருக்குத் திறந்திருக்கும் வழிகள் வேறு. இந்திய வெளியுறவுப் பணி முதலாவது. குடிமைப் பணித் தேர்வில் அதற்கான இடங்கள் மிகக் குறைவு என்பதால் அதை மட்டும் நம்பி ஐந்து வருடம் வீட்டில் உட்கார வைக்காதீர்கள். யுனெஸ்கோ, பண்பாட்டு உறவுகளுக்கான இந்தியக் குழு, அருங்காட்சியகங்கள், ஆய்வு நிறுவனங்கள், கலைப்பொருள் சட்டத்தில் பழகிய வழக்கறிஞர் அலுவலகங்கள் என்று மற்றவை உண்டு. யுனெஸ்கோவின் நிதி உறுப்பு நாடுகளின் அரசியலைப் பொறுத்து ஏறி இறங்கும், ஒப்பந்தக் காலப் பணிகளே மிகுதி. மாதாமாதம் ஒரே தேதியில் சம்பளம் வரும் நிம்மதி தொடக்க ஆண்டுகளில் இருக்காது. இதை மகளிடம் மறைக்காமல் பேசுங்கள்.

வெளிநாட்டு முதுகலைக்கு இப்போது வீட்டை அடமானம் வைக்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. டெல்லி, மும்பைப் பல்கலைக்கழகங்களிலும் ஜவகர்லால் நேரு பல்கலைக்கழகத்திலும் ஆப்பிரிக்கவியல் இருக்கிறது. செலவோ மிகக் குறைவு. பிரெஞ்சை இந்த மாதமே தொடங்கட்டும். இரண்டு ஆண்டுகளில் பி2 எனப்படும், ஓரளவு உயர்ந்த தேர்ச்சி நிலையை எட்டினால், செனகல், பெனின், ஐவரி கோஸ்ட் அரசுகளின் ஆவணங்களை மொழிபெயர்ப்பாளர் உதவி இல்லாமல் படிக்க முடியும். அதன் பிறகு மூன்றாண்டுச் சட்டப் படிப்பையும் சேர்த்துக்கொண்டால், இந்தத் துறை கைகூடாவிட்டாலும் பிழைப்புக்கு ஒரு தொழில் கையில் இருக்கும். உங்கள் அச்சத்துக்கு நான் தரக்கூடிய நேர்மையான காப்பு அதுதான்.

அவருடைய ஆசை எவ்வளவு ஆழமானது என்று அறிய ஒரு வழி சொல்கிறேன். பண்பாட்டு வெளிப்பாடுகளின் பன்மையைக் காக்கும் 2005-ஆம் ஆண்டு யுனெஸ்கோ ஒப்பந்தத்தில் 35 பிரிவுகள் இருக்கின்றன. 148 நாடுகள் ஆதரித்தன. அமெரிக்காவும் இஸ்ரேலும் மட்டுமே எதிர்த்தன. அதன் 16-ஆம் பிரிவு, வளரும் நாட்டுக் கலைஞர்களுக்கு வளர்ந்த நாடுகள் சலுகை காட்ட வேண்டும் என்கிறது. அப்படியிருந்தும் மாலி நாட்டு இசைக்கலைஞர் ஒருவர் ஐரோப்பிய விசாவுக்கு ஏன் இன்னும் திண்டாட வேண்டியிருக்கிறது? ஒப்பந்தம் முழுவதையும் படித்துவிட்டு, இந்தக் கேள்விக்குத் தமிழில் இரண்டு பக்கம் எழுதச் சொல்லுங்கள். பத்தாம் பிரிவிலேயே சலிப்பு வந்துவிட்டால் பி.எட். பற்றி யோசிக்கலாம். எழுதிவிட்டால், அடுத்த மாதம் என்னைப் பார்க்க வரும்போது அந்தத் தாள்களைக் கையோடு கொண்டு வாருங்கள். படிப்புக் கட்டணம் பற்றிய கணக்கை அதற்குப் பிறகு சேர்ந்தே போடுவோம்.