சுங்கை சிப்புட் மழை வரைபடத்தில் ஏன் தெரியவில்லை?

மலேசியாவின் பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட் எஸ்டேட்டுகளில் பெய்த மழையை, நாசாவின் ஐமெர்க் (IMERG) செயற்கைக்கோள் மழைத் தரவிலிருந்து, பைத்தானில் வரைபடம் வரைய உதவும் கார்ட்டோபியில் (Cartopy) வரைந்தால் படம் வெறுமையாக வருகிறது என்கிறீர்கள்.

புரொஜெக்‌ஷன் (projection) என்ற அமைப்பு சொல்வது வரைபடத்தின் வடிவத்தை மட்டும்தான். தரவின் இடக்குறிப்புகள் பாகையிலா மீட்டரிலா என்பதை டிரான்ஸ்ஃபார்ம் (transform) என்ற அமைப்புதான் சொல்ல வேண்டும். அதை விட்டுவிட்டால், மீட்டரில் அளக்கும் மெர்க்கேட்டர் படம் உங்கள் ஊரின் தீர்க்கரேகையான 101 பாகையை 101 மீட்டர் என்று எடுத்துக்கொள்ளும். நம் ஊர் மழை ஆப்பிரிக்கா பக்கம், கினி வளைகுடாவில் கண்ணுக்குத் தெரியாத புள்ளியாகப் போய் விழும். கட்டங்களுக்கு நிறம் தீட்டும் பிகலர்மெஷ் (pcolormesh) வரியில் டிரான்ஸ்ஃபார்முக்கு, பாகையில் அளக்கும் பிளேட்காரே (PlateCarree) கொடுங்கள், சரியாகிவிடும்.

அப்புறம், ஐமெர்க் கோப்பில் தீர்க்கரேகை முதலில், அட்சரேகை அடுத்து. வரையும் முன் வரிசையை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு கட்டம் 0.1 பாகை, ஏறத்தாழ 11 கிலோமீட்டர். ரப்பர் மரத்தில் பால் வெட்டும் நேரத்து மழையைத் தோட்டவாரியாகப் பிரிக்க இது போதாது.